இலுக்கடி வட்டை வாய்க்காலை வெட்டியது நான்

வாக்குமூலம் தருபவர்: ஆதம்பாவா சுபைறா. வயது: 41. வதிவிடம்: சாய்ந்தமருது, ஏழாங் குறிச்சி. தொழில்: வயற்செய்கை. பதிவு செய்த திகதியும் நேரமும்: 1981 ஒக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 9.40. பதிவு செய்தவர்: பொலிஸ் சார்ஜன்ட் பூபாலபிள்ளை. கடந்த செப்ரெம்பர் 28ஆம் திகதி நீதவான் அவர்கள் திறந்த மன்றில் இட்ட கட்டளைப்படி இது தமிழில் கேட்டு எழுதப்படுகிறது.

நான் மேற்சொன்ன விலாசத்தில் எனது கணவர் காலிதீனுடனும் பதினெட்டு வயதான மகள் றுகையாவுடனும் வசித்து வருகிறேன். கணவர் மருதமுனைச் சாரன்களை வாங்கி ஊரூராகக் கொண்டுபோய் விற்பவர். அவருக்கு வயல் வேலை தெரியாது. சாகாமத்துக்கு வடக்கே இலுக்கடி வட்டை என்ற வயல்வெளியில் எனக்கு மூன்று ஏக்கர் வயற்காணி உண்டு. அது எனது திருமணத்தின்போது உம்மா எனக்குச் சீதனமாக உறுதிப்பத்திரம் முடித்துத் தந்த காணி. எங்கள் பகுதியில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதப்படும். இலுக்கடி வட்டையில் இருபத்து மூன்று காணிகள் உள்ளன. அவற்றில் பத்தொன்பது பெண்களின் பெயரில் உள்ளன. அந்தப் பத்தொன்பதில் நான்கு காரைதீவுத் தமிழ்ப் பெண்களுடையவை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

1981 பெப்ரவரி 20ஆம் திகதி, பெரும்போக அறுவடை முடிந்து ஒரு கிழமையின் பின்னர், நான் வைக்கோல் ஏற்றுவதற்கு ஆள் பார்க்க வயலுக்குப் போனேன். காலை பத்து மணியளவில் எனது காணிக்குள் நான்கு பேர் மூன்று கால் கருவியொன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு சிவப்புப் பூசிய கட்டைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனது காணிக்குள் மட்டும் ஏழு கட்டைகள் நின்றன. என்ன வேலை என்று சங்கிலி பிடித்தவரிடம் கேட்டேன். றோட்டு என்றார். கட்டை அடித்தவரிடம் கேட்டேன். குளம் என்றார். அதன் பின்னர் குடை பிடித்தபடி கருவிக்குப் பக்கத்தில் நின்ற நில அளவை உத்தியோகத்தரான சேவயரிடம் போய்க் கேட்டேன். அவர் சிங்களவர், மரியாதையான மனிதர். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது ப்ளேன் ஓட்டப் பழகிற எடம். ஆமிப் பொடியன் பழகும். ஏறும், எறங்கும்" என்று கையால் காட்டினார். அப்போது என் வயல் எங்கே போகும் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. நான் கட்டை மட்டும் அடிக்கிறது" என்றார். இந்த விடயத்தில் எனக்கு நேரான பதில் தந்த ஒரே அரசாங்க உத்தியோகத்தர் அவர்தான் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அதன் பின்னர் மார்ச் முதற் கிழமையில் பள்ளிவாசலில் கூட்டம் கூடி ஒன்பது பேர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. ஒன்பது பேரும் ஆண்கள். இலுக்கடி வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை மீராசா அவர்கள் தலைவர். அவருக்கு வயது 63. எனது உம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியாகையால் நான் அவரை மாமா என்று அழைப்பேன். விமானப் பயிற்சித் தளம் வந்தால் வாய்க்கால் இரண்டாக அறுபடும், கீழ் வயல்கள் கட்டாந்தரையாகும், மாற்றுக் காணி பற்றி எவரும் பேசவில்லை என்று ஒரு மனு எழுதி, முப்பத்தொரு பேர் ஒப்பமிட்டு, பட்டினத்திலுள்ள காணிக் கந்தோருக்கு அனுப்பினார்கள்.

ஏப்ரல் 3ஆம் திகதி பதில் வந்தது. அதில் இரண்டு விடயங்கள் இருந்தன. முதலாவது, அவ்வாறான திட்டமெதுவும் இக்காரியாலயத்தின் அறிவில் இல்லை. இரண்டாவது, கையொப்பமிட்டோரில் எவரும் குறித்த காணிகளின் உரிமையாளராகப் பதிவில் காணப்படாமையால் ஆட்சேபிக்க உரித்துடையவர் அல்லர். காணி வைத்திருந்த நான்கு ஆண்களும் பெயரை எழுத்துப் பிழையாக எழுதியிருந்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. மாமா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "சுபைறா, கையெழுத்துப் போடவேண்டிய ஆக்கள் நீங்கதானாம். நாங்க சும்மா நடுவுல போன ஆக்களாம்" என்றார்.

அதன் பின்னர் பத்தொன்பது பெண்களின் பெயரில் புதிய மனுவொன்று எழுதி, ஏப்ரல் 9ஆம் திகதி வியாழக்கிழமை எங்களில் பதினான்கு பேர் காலை பஸ்ஸில் காணிக் கந்தோருக்குப் போனோம். எனது பக்கத்துக் காணிக்காரி ஹாஜறா என்னுடன் வந்தார். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் ஆறாம் இலக்க அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டாம் இலக்க அறைக்கும், அங்கிருந்து மீண்டும் ஆறாம் இலக்க அறைக்கும் அனுப்பினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆறாம் இலக்க அறையில் இலிகிதர் ஒருவர் மனுவை வாசித்துவிட்டு, ஆட்சேபனை தருவதற்கான கடைசித் திகதி மார்ச் 31 என்றும், அது முடிந்துவிட்டதென்றும் சொன்னார்.

நான் அவரிடம், "அப்பிடி ஒரு வேலையே இல்லண்டு நீங்கதானே எழுதி அனுப்பின. இல்லாத வேலைக்கு எப்பிடி ஐயா கடைசித் திகதி?" என்று கேட்டேன்.

"அது வேற பகுதி எழுதின கடிதம்" என்றார்.

"அந்தப் பகுதி எங்க?"

"அதுவும் இந்தக் கந்தோர்தான். ஆனா அவர் லீவு."

ஹாஜறா, கடைசித் திகதியை எங்களுக்கு யார் அறிவித்தது என்று கேட்டார். அறிவித்தல் முப்பது நாள் பலகையில் இருந்தது என்றார்கள். பலகையைப் பார்க்க வேண்டும் என்றோம். வாசலுக்கு வலப்புறம் கண்ணாடி போட்ட பலகை இருந்தது. எங்களுக்குரிய அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதன் மேற்பாதியை மறைத்து விடுதி முன்பதிவு பற்றிய வேறொரு கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. எங்களில் எவருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இலுக்கடி என்ற எங்கள் வட்டையின் பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காவலாளி ஒருவர் விரலால் தொட்டுக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினோம்.

அதன் பின்னர் சிறுபோகத்துக்கான விதைப்புக் கூட்டத்தை நீர்ப்பாசன உத்தியோகத்தர்கள் நடத்தினார்கள். தண்ணீர் தருவீர்களா என்று மாமா கேட்டதற்கு, திட்டம் எதுவும் இல்லை என்று காணிக் கந்தோர் எழுதியிருப்பதால் தண்ணீர் தருவதில் தடையில்லை என்றார்கள். அதை நம்பி ஏப்ரல் கடைசியில் எல்லோரும் விதைத்தோம். கட்டைகளைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் குற்றம் என்று மாமா வட்டை முழுவதும் சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டையையும் சுற்றி நெல் விதைத்தோம்.

எனது மகள் றுகையாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்னர் திருமணம் என்று முடிவாகியிருந்தது. இலுக்கடிக் காணியை மகளுக்கு எழுதுவதாக நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம். ஜூன் 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்து முடித்த பின்னர், "மகளுக்கு எழுதுறண்டு சொன்ன காணிக்கு மேலால ப்ளேன் ஓடப் போகுதாமே, ராத்தா? காணி உங்களுக்கே இரிக்கும் எண்டு ஒரு கடிதம் எடுத்துத் தாங்களன். எங்களுக்கு வேற ஒண்டும் வேணாம்" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அந்தக் கடிதத்துக்காக நான் ஜூன் மாதம் முழுவதும் அலைந்தேன். காணிக் கந்தோருக்கு மூன்று தடவை போனேன். இல்லாத திட்டத்தில் ஒரு காணி சேரவில்லை என்று எழுதித் தர முடியாது என்றார்கள். கிராம சேவகரிடம் போனேன். நான் இந்தக் குறிச்சியில் வசிப்பதாகவும் நன்னடத்தை உடையவள் என்றும் எழுதித் தரலாம், காணிக்கு இனி என்ன நடக்கும் என்று எழுத முடியாது என்றார். உறுதி முடித்த நொத்தாரிசிடம் போனேன். உறுதி சரியாக இருக்கிறது என்றார். அது சரியாக இருப்பது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பின்னர் நோன்பு மாதம் பிறந்தது. ஜூலை 8ஆம் திகதி புதன்கிழமை மண்வாரி இயந்திரமொன்றும், லொறிகளும், ரோலர் இயந்திரமொன்றும் வந்து எங்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே பன்னிரண்டு அடி அகலத்தில் கிறவல் மண் கொட்டி வழி செய்தார்கள். அடியில் தண்ணீர் போகக் குழாய் வைக்கவில்லை. அதற்குக் கீழே நாற்பத்தொரு ஏக்கர் வயல் உண்டு. நெல் அப்போது குடலைப் பருவம். கதிர் உள்ளே உருவாகி வெளியே வருவதற்கு முன்னான பருவத்தை அப்படிச் சொல்வோம். அந்தப் பத்து நாட்களில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே அரிசி வராது.

மாமா அன்றே போய் வேலைக்குப் பொறுப்பான ஓவசியரிடம் குழாய் கேட்டார். சொல்லியிருக்கிறது, நாளைக்கு வரும் என்றார். மாமா மறுநாளும் போனார். அதன் மறுநாளும் போனார். நீர்ப்பாசனக் காரியாலயம் ஒன்றுக்கும் போனார். வாய்க்கால் எங்களுடையது, ஆனால் மேலே கொட்டிய கிறவல் எங்களுடையது அல்ல என்றார்கள். நோன்புடன், அந்த வெயிலில், எட்டு நாள் சைக்கிளில் போய் வந்தார். ஒவ்வொரு நாளும் நோன்பு திறந்த பின்னர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "நாளைக்காம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். எட்டாம் நாள் அதையும் சொல்லவில்லை. மணியை அடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 16ஆம் திகதி வியாழக்கிழமை நானும் ஹாஜறாவும் முதல் பஸ்ஸில் வயலுக்குப் போனோம். நெல் இலை பாய் சுருட்டியது போல் சுருண்டிருந்தது. நிலம் வெடித்திருந்தது. ஹாஜறாவின் காணி வாய்க்காலின் கடைசியில் இருப்பதால் அங்கே வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. ஒரு குடலையை உரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, ஈரமில்லாமல் இருந்தது. அதன் பின்னர் நாங்கள் கிறவல் கொட்டிய இடத்துக்குப் போனோம். அதற்கு மேற்பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் நின்றது. கரை வழிந்து பற்றைக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எருமைகள் படுத்திருந்தன. நான் கோபப்பட்டேனா என்று இப்போது சார்ஜன்ட் அவர்கள் கேட்கிறார். ஓம், எருமைகளைக் கண்டபோது கோபப்பட்டேன்.

வேலையாட்கள் மதியத்துக்கு லொறியில் போயிருந்தார்கள். கோமாரியைச் சேர்ந்த காவற்காரர் ஒருவர் மட்டும் மரநிழலில் நித்திரையாக இருந்தார். நான் வயற்குடிசையான வாடியில் லுஹர் தொழுதுவிட்டு, வாடியிலிருந்த எனது மண்வெட்டியை எடுத்துப் போய், ஒரு மணி கடந்த பின்னர் கிறவலை வெட்டத் தொடங்கினேன். ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் குறுக்காக வெட்டினேன். ஹாஜறா வெட்டிய கிறவலைக் கடகத்தில் அள்ளி அப்புறம் கொட்டினார். அவர் தன் பெயரையும் எழுதச் சொல்லி, தன் வாக்குமூலத்தைத் தருவதற்காக இப்போது வெளியே வாங்கில் இருக்கிறார், ஆகையால் அதை மறைக்கவில்லை. பாதி வெட்டியபோது காவற்காரர் எழுந்து உட்கார்ந்தார். எங்களைப் பார்த்தார். "ராத்தா, நான் இன்னம் எழும்பல்ல" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அவர் எங்களுக்கு உதவி செய்யவில்லை. தடுக்கவும் இல்லை. அவரை வேலையால் நிறுத்தியதாக அறிகிறேன். அது அநியாயம்.

அஸர் தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னர் தண்ணீர் பாயத் தொடங்கியது. முதலில் ஒரு கயிறு போலத்தான் வந்தது. அதன் பின்னர் கிறவலை இரு பக்கமும் அரித்துக்கொண்டு, நாங்கள் வெட்டியதை விட நான்கு மடங்கு அகலமாக ஓடியது. ரோலர் இயந்திரம் கிறவலின் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. அடி மண் கரைந்ததால் அது மெதுவாகச் சாய்ந்து வாய்க்காலுக்குள் பக்கவாட்டில் விழுந்தது. அதை விழுத்த நாங்கள் நினைக்கவில்லை. அது விழக்கூடும் என்று யோசிக்கவும் இல்லை. எவருக்கும் காயம் இல்லை. தண்ணீர் எனது காணி வரப்பைத் தொடும் வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்று நோன்பு திறந்த பின்னர் மாமாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். காலையில் பொலிஸுக்குப் போய் நானே சொல்லப் போவதாகவும் சொன்னேன். மாமா, "வாயத் தொறக்காத. மகள்ர கலியாணம் முடியட்டும். பொலிசுக்குப் போன பொம்புளட மகள எவன் எடுப்பான்?" என்றார். எனது கணவரும் அதையே சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர், பொலிஸார் வந்து மாமாவைக் கைது செய்தார்கள். நான் அப்போது எதிர்வீட்டு வேலிக்குள் நின்றேன். வாய்க்காலை வெட்டியது யார் என்று அவரிடம் கேட்டார்கள். அவர், "வட்டைக்கு வட்டவிதானை நான். தண்ணியப் பத்தி என்னட்டக் கேளுங்க" என்றார். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்டுள்ளது என்று பின்னர் அறிந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா விளக்கமறியலில் வைக்கப்பட்டார். நான் வாய் திறக்கவில்லை. ஓகஸ்ட் 2ஆம் திகதி நோன்புப் பெருநாளும் அவருக்கு உள்ளேயே கழிந்தது. பெருநாளன்று சோறு சமைத்து அனுப்பினேன். அது உள்ளே எடுக்கப்படாமல் திரும்பி வந்தது. அந்தச் சோற்றை எவரும் சாப்பிடவில்லை. வாய்க்காலை வெட்டியதை நான் குற்றமாக நினைக்கவில்லை. அந்த நாட்களில் பேசாமல் இருந்ததைத்தான் குற்றமாக நினைக்கிறேன். அதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது.

மகளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. பெருநாளுக்கு மூன்றாம் நாள் ஹாஜறா வாயிலாக அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னிடம், "உங்கட மாமாவ உள்ள வெச்சிட்டு எனக்குக் கலியாணமா, உம்மா?" என்று கேட்டாள். அழவில்லை. அன்று பிற்பகல் மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரத்தைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றார். பின்னர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கடிதம் கிடைத்தால் திரும்பப் பேசலாம் என்று அவர்கள் சொன்னார்களாம். திருமணத்துக்கென்று சொல்லிச் செய்வித்த கட்டில் அடுத்த கிழமை வந்தது. அதில் இப்போது விதைநெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

மோதிரம் திரும்பிப் போன மறுநாள், ஓகஸ்ட் 6ஆம் திகதி, நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையிலிருந்த உத்தியோகத்தர், இந்த வழக்கில் ஏற்கெனவே ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்றார். ஓகஸ்ட் 10ஆம் திகதி மாமா பிணையில் வந்தார். ஓகஸ்ட் 13ஆம் திகதி மீண்டும் போனேன். தமிழ் எழுதுபவர் இல்லை என்றார்கள். செப்ரெம்பர் 1ஆம் திகதி போனபோது கணவரை அழைத்து வரச் சொன்னார்கள். அழைத்துப் போனேன். உத்தியோகத்தர் கணவரிடம், "என்ன தொர, பொம்புள ஒராள் இவ்வளவு கிறவல வெட்டுவாவா? வீட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். எனது கணவர் மெதுவாகப் பேசும் மனிதர். அன்று அவர், "சேர், பதினெட்டு வருசமா நம்மட வயல இவதான் செய்யிற. எனக்கு மண்வெட்டி புடிக்கத் தெரியா. எழுதுங்க" என்றார். எழுதவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

செப்ரெம்பர் 28ஆம் திகதி திங்கட்கிழமை வழக்கு அழைக்கப்பட்டது. மாமா கூண்டில் நின்றார். அவருடைய பெயர் வாசிக்கப்பட்டபோது நான் பின்வாங்கிலிருந்து எழுந்து, "ஐயா, வெட்டினது இவர் இல்ல, நான்" என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "இருகா! உனக்கென்ன விசரா?" என்று மன்றிலேயே சத்தமிட்டார். அதன் பின்னர் நீதவான் பக்கம் திரும்பி, "ஐயா, இந்தப் புள்ள பொய் சொல்லுது. நான்தான் வெட்டின" என்றார். அன்றுதான் அவர் முதல்முறையாக அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மன்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் அவர்கள் சிரிக்கவில்லை. இந்தப் பெண்ணிடம் ஏன் இதுவரை வாக்குமூலம் எடுக்கவில்லை என்று கேட்டார். அதைத் தமிழில் கேட்டு எழுதும்படி கட்டளையிட்டார்.

அதன்படி ஒக்டோபர் 1ஆம் திகதி சார்ஜன்ட் பூபாலபிள்ளை அவர்கள் என்னை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றார். நான் வெட்டிய இடத்தில் இப்போது குழாய் பதித்து மூடியிருக்கிறார்கள். ஆகையால் பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த கிறவலில் வெட்டிக் காட்டச் சொன்னார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து நிமிடத்தில் நான்கு அடி வெட்டினேன். "போதும் ராத்தா, காணும்" என்றார். நான் நிறுத்தாமல் ஐந்தாவது அடியையும் வெட்டினேன்.

அந்தப் போகத்தில் எனது காணியில் வழக்கமான விளைவில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. ஹாஜறாவின் காணிக்குத் தண்ணீர் பிந்திப் போனது. கதிர் நேராக நிமிர்ந்து நின்றது. உள்ளே அரிசி இல்லை. அவர் அதை வெட்டவில்லை. மாட்டை அவிழ்த்து விட்டார்.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். மழைக்குப் பிறகு திரும்பி வருவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். கட்டைகள் அப்படியே நிற்கின்றன. திட்டம் கைவிடப்பட்டதென்றால் அதை எழுத்தில் தரும்படி காணிக் கந்தோருக்கு எனது பெயரில் பதிவுத் தபாலில் எழுதினேன். செப்ரெம்பர் 21ஆம் திகதியிட்ட பதில் வந்தது. அவ்வாறான திட்டமெதுவும் இருக்கவில்லையாதலால் அது கைவிடப்பட்டதாகக் கடிதம் வழங்க இயலாது என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். பெரும்போகத்துக்கான விதைப்புக் கூட்டத்தில், இலுக்கடி வட்டை நில அளவையில் இருப்பதால் கடிதம் வரும் வரை விதைக்க அனுமதியில்லை என்று அறிவித்தார்கள்.

இனிச் சொல்ல ஏதும் உண்டா என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டார். உண்டு என்றேன். இம்மாதம் 19ஆம் திகதி திங்கட்கிழமை நான் எனது காணியில் புழுதியில் விதைக்கப் போகிறேன். மழையை நம்பி விதைப்பதற்கு எவருடைய தண்ணீரும் தேவையில்லை. ஏழு கட்டைகளும் உழவுக்கு இடைஞ்சல். அவற்றைப் பிடுங்கி வரப்பில் அடுக்கி வைப்பேன், எரிக்க மாட்டேன். ஹாஜறாவும் விதைப்பார். மாமா வேண்டாம் என்கிறார், ஆனால் விதைநெல்லை ஊறப்போட வேண்டாம், புழுதிக்குக் காய்ந்த நெல்தான் போட வேண்டும் என்று நேற்று வந்து சொல்லிவிட்டும் போனார்.

சார்ஜன்ட் அவர்கள் பேனையை நிறுத்தி, "ராத்தா, நடந்தத மட்டுந்தான் எழுதலாம். நடக்கப் போறத எழுத இதுல இடமில்ல" என்றார்.

"ஐயா, நடந்தத எழுத வைக்க எனக்கு ரெண்டு மாசம் போச்சு. இதையும் இப்பவே எழுதிப் போடுங்க. திரும்பத் திரும்ப பஸ் ஏறி வர ஏலா" என்றேன்.

 அவர் எழுதினார்.

மேலே எழுதப்பட்டவை எல்லாம் என் வாயால் சொன்னவை. சார்ஜன்ட் அவர்கள் முதலிலிருந்து கடைசி வரை எனக்கு வாசித்துக் காட்டினார். எவரும் என்னைப் பயமுறுத்தவோ, ஆசை காட்டவோ இல்லை. இதில் பொய் இல்லை. குறைத்துச் சொன்னதும் இல்லை. விளங்கிக்கொண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. சுபைறா
இலுக்கடி வட்டை, காணி இலக்கம் 14இன் உரிமையாளர்

எனக்கு முன்னால் ஒப்பமிடப்பட்டது: பூபாலபிள்ளை, பொ.சா. பிற்பகல் 1.15. அடுத்த சாட்சி ஹாஜறா அழைக்கப்பட்டார்.